சிப்ஸ் மும்மடங்கானபோது

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளக் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறாய் என்று படித்ததும், நம் சீட்டாட்டக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நீ ஆட உட்காருவதற்கு முன் ஒரு செய்தியை உனக்குத் தெரிவித்துவிட வேண்டும். இரண்டு மாதமாக நம் போக்கர் மாறிவிட்டது.

சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் பழையபடி 1, 2 தான். ஆனால் பந்தயம் வைக்கும் வில்லைகள், ஆளுக்கு 200 சிப்ஸ் என்றிருந்ததை 600 ஆக்கிவிட்டோம். பெரிய பிளைண்டைப் போல 100 மடங்காக இருந்த கையிருப்பு இப்போது 300 மடங்கு. காசு வைத்து ஆடுவதில்லை என்ற நம் வழக்கத்தில் மாற்றமில்லை. வரவையும் பற்றையும் பேரேட்டில் எழுதி வருகிறோம். தை முடியும்போது அதிகம் இழந்திருப்பவர் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். சிப்ஸ் கூடினால் ஆட்டம் நீளும் என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். ஒரே ஒரு கை அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அதை விவரமாகவே எழுதுகிறேன்.

மழையில் உள்முற்றமான வளவு நனைந்திருந்ததால் அன்று பட்டாலையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு இரண்டு சீட்டில் எனக்கு இரண்டு ஏஸ் வந்தன. 8 சிப்ஸுக்கு உயர்த்தினேன். கடைசியில் பேசும் டீலர் இடத்தில் இருந்த தேவகோட்டை அண்ணனும் பெரிய பிளைண்டில் இருந்தவரும் அதே அளவு வைத்துக் கால் செய்தார்கள். நடுவில் 25 சேர்ந்தது. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ராஜா, ஆறு, இரண்டு என மூன்று சீட்டுகள் மூன்று இனத்தில் விழுந்தன. நான் 20 வைத்தேன். பிளைண்டில் இருந்தவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார், அண்ணன் கால் செய்தார். அடுத்து ராணி, 50 வைத்தேன், மறுபடியும் கால். கடைசியாக எட்டு விழுந்ததும் 120 வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த 522 சிப்ஸையும் இரு கையாலும் நடுவே தள்ளினார். ஏஸ் ஜோடியை எப்படி விடுவது என்று நானும் எல்லாவற்றையும் வைத்தேன். அவர் காட்டியது இரண்டு ஆறு, நடுவில் கிடந்ததோடு சேர்ந்து மூன்று ஆறு.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய 200 சிப்ஸ் ஆட்டமாக இருந்திருந்தால், கடைசிச் சீட்டுக்கு முன்பே 78 போய், மீதி 122 தான் கையில் இருந்திருக்கும். அந்த 120ஐ வைத்ததோடு கதை முடிந்திருக்கும், அதில் எவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆகவே முதல் 200 என் தலையெழுத்து. பின்னால் போன 400 முழுக்க என் பிழை. கடைசிச் சீட்டில் அவ்வளவு பெரிய தொகையை ஒருவர் வைக்கும்போது, வெறும் ஒரு ஜோடியால் அவருடைய எந்தச் சீட்டை வெல்ல முடியும் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அண்ணன் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜோடி வைத்திருப்பவருக்கு முதல் மூன்று சீட்டில் மூன்றாவது வந்து சேர ஏறக்குறைய 12 விழுக்காடு வாய்ப்புதான் உண்டு, அதாவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. அதற்காக 8 சிப்ஸ் முதல் போடுகிறவருக்கு முன்பு அதிகபட்சம் 25 மடங்கு கிடைக்கும். இப்போது 75 மடங்கு. அதனால் சின்ன ஜோடிகளும், ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டுகளும், ஏஸோடு அதே இனத்துச் சின்னச் சீட்டும் மதிப்பில் ஏறிவிட்டன. நீ விரும்பி ஆடும் ஏஸ்-பத்து இறங்கிவிட்டது, வருத்தப்படாதே. அதில் ஏஸ் ஜோடி சேர்ந்தால் சின்னத் தொகையை ஜெயிப்பாய். பெரிய தொகை சேரும்போது எதிரில் இருப்பவரிடம் அதைவிட நல்ல சீட்டு இருக்கும். ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிட்டது என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. இஸ்பேடு ஏஸ் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் இஸ்பேடு ஒன்பதை நம்பி 600ஐயும் வைத்தால் முதலுக்கே மோசம்.

ஆகவே நான் இப்போது ஆடும் முறையைச் சொல்கிறேன். ஒரு ஜோடி மட்டும் இருந்தால் இரண்டு தடவை பந்தயம் வைக்கிறேன், மூன்றாவது தடவை பெரும்பாலும் பேசாமல் விடுகிறேன். நல்ல சீட்டோடு எவராவது உயர்த்தியதை மேலும் உயர்த்தும்போது முன்பைவிடப் பெரிதாக உயர்த்துகிறேன். கொஞ்சமாக உயர்த்தினால் எல்லோருக்கும் சின்ன ஜோடியோடு உள்ளே வர மலிவாக வழி திறந்துவிட்டதாகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் உட்காரும் இடத்தைப் பற்றியது. கையிருப்பு பெருத்த ஆட்டத்தில் கடைசியில் பேசுகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தவர் செய்வதைப் பார்த்த பிறகே முடிவெடுக்கிறார். எடுக்க வேண்டிய முடிவுகள் கூடக் கூட அந்த ஆதாயமும் கூடுகிறது. அதனால் முன்னால் பேசும் இடங்களில் பாதிச் சீட்டுகளைத் தொடாமலே தள்ளிவிடுகிறேன். பொய்யாகப் பெரிய தொகை வைத்து மிரட்டுவதை இங்கே குறைத்துக்கொள். நம் ஆட்களில் பலருக்குச் சீட்டைக் கவிழ்க்க மனம் வராது.

முப்பது வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வருகிறோமே, அது எந்தக் கணக்கையும்விடப் பெரிய சொத்து. அண்ணன் கடைசிச் சீட்டில் பொய்க்கு உயர்த்தி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதை நினைவில் வைத்திருந்தாலே அன்று ஏஸைக் கவிழ்த்திருப்பேன்.

அண்ணனுக்கு இடப்பக்கத்து இடத்தை உனக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அவர் பேசிய பிறகே நீ பேசுவாய். நோன்பன்று இரவு இழை எடுத்துச் சாப்பாட்டை முடித்ததும் நேரே பட்டாலைக்கு வந்துவிடு. உன் கணக்குக்குப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று.

அன்புடன்,
உன் நண்பன்