இரண்டாவது ட்யூப் கேட்டால் கொடுக்காதீர்கள்

கடலூர் மருந்துக்கடைக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பாவுக்கு இடுப்பில், வேட்டிக் கட்டுக்குக் கீழே, படை மாதிரி ஒன்று வந்தது. லேசான சிவப்பு, மேலே மெல்லிய செதில், கொஞ்சம் அரிப்பு. கடையில் கேட்டார், மூன்று மருந்து கலந்த ஒரு ட்யூப் கிடைத்தது. தடவினால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். அப்புறம் வருஷக்கணக்கில் அதே கதைதான். வாயைக்கூடத் திறக்க மாட்டார், காலி அட்டையை நீட்டுவார், புதுசு வரும்.

அது படையே இல்லை. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்கிற தோல் லிம்போமா. ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் தோலில் கூடிப் பெருகுகிற புற்றுநோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்கே வரும். வெயில் படாத இடுப்பு, பிட்டம், தொடைப் பக்கம்தான் பெரும்பாலும் தொடங்கும். நம் மாதிரி கறுத்த தோலில் வெளிறிய திட்டாகவும் வரலாம். பார்ப்பவர்கள் தேமல் என்பார்கள், சிலர் தொழுநோயோ என்று பயப்படுவார்கள்.

ட்யூபில் கலந்த மருந்துகளில் ஒன்று ஸ்டீராய்டு, சிவப்பையும் அரிப்பையும் அடக்குகிற மருந்து. அது இதையும் தற்காலிகமாக அடக்கிவிடும். இந்த நோய்க்கு டாக்டர்களே ஸ்டீராய்டு பூச்சு கொடுப்பதுண்டு. சிக்கல் என்னவென்றால், நோய் என்னவென்று தெரிவதற்கு முன்னால் தடவினால் பயாப்சியில், அதாவது தோலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் சோதனையில், அடையாளம் மங்கிவிடுகிறது. அப்பாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவு தோல் எடுத்தார்கள். முதல் முறை தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. பூச்சை நிறுத்திவிட்டு வரச் சொல்லி, மறுபடி எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது வாரம் சில நாள் புற ஊதா ஒளிச் சிகிச்சை. ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலோர் வழக்கமான ஆயுளோடு இருக்கலாம். விட்டால் திட்டு தடித்து, கட்டியாகி, நெறிகட்டும் இடங்களுக்கும் போகலாம்.

படை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் படையேதான் இருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. நீங்கள் அறியாததல்ல.

ஒரே இடத்துக்கு இரண்டாவது ட்யூப் கேட்டு வந்தால், "அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பாருங்க, இல்லன்னா பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிடுங்கள். தடவிய ட்யூபையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், டாக்டருக்கு அது உதவும்.

"நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்" என்பீர்கள். சரிதான். அதனால்தான் ஒரு கடைக்கு எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தடவை பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்