அம்மாவுக்கு ரத்தம் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும், நகரியிலிருந்து வணக்கம்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கர்ப்பப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது மெல்ல நடமாடுகிறார். "யார் யார் ரத்தம் கொடுத்தாங்க, யார் யார் அலைஞ்சாங்க, எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு" என்று தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உங்களில் பாதிப் பேரின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, சென்னையில் ரத்த வங்கியில் இரவுப் பணியில் இருந்த டெக்னீஷியன் அக்காவுக்கு. அம்மாவின் ஹீமோகுளோபின் 6-க்கும் கீழே இறங்கியிருந்தது. கையில் இருந்த பழைய அட்டையில் ஓ பாசிட்டிவ் என்று போட்டிருந்தது. நம் பக்கத்தில் அதிகம் உள்ள வகைதானே, கிடைத்துவிடும் என்று இருந்தோம். ஆனால் எடுத்த ஓ பை ஒன்றுகூட கிராஸ் மேட்சில், அதாவது அம்மாவின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனையில், சேரவில்லை. அக்கா வெளியே வந்து என்னுடைய குரூப் என்ன என்று கேட்டார். பி பாசிட்டிவ் என்றேன். "அப்பாவுக்கு?" ஓ என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருங்கம்மா, இன்னொரு டெஸ்ட் போட்டுப் பார்க்கணும்" என்று உள்ளே போய்விட்டார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். இரண்டிலும் ஓ வகைச் செல்கள். ஒன்றில் வேறொரு ஓ ஆளின் சீரம் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர்), இன்னொன்றில் அம்மாவின் சீரம். முதல் குழாயை மெல்லத் தட்டினார், அடியில் இருந்த சிவப்பு கரைந்து சீராகக் கலந்துவிட்டது. அம்மாவின் குழாயைத் தட்டினால் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக நின்றது. "உங்கம்மா ஓ இல்லை. ஓ ரத்தம் ஏற்றியிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார். அவசரம் அவசரம் என்று எல்லோரும் நெருக்கிய நேரத்தில் சேராத ரத்தத்தைக் கையை விட்டு விடாமல் இருந்தாரே, அந்தப் பிடிவாதத்துக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

அம்மாவுக்கு இருப்பது பம்பாய் ரத்த வகை. 1952இல் டாக்டர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் பம்பாயில் முதலில் கண்டறிந்து எழுதியதால் அந்தப் பெயர். இதை எங்களுக்குப் புரியும்படி விளக்கிய ரத்த வங்கி டாக்டரம்மாவுக்கு அடுத்த நன்றி. சிவப்பணுவின் மேல் எச் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதிலிருந்துதான் ஏ-யும் பி-யும் உருவாகின்றன. ஓ வகைக்காரர்களிடம் எச் மட்டும் அப்படியே இருக்கும். பம்பாய் வகைக்காரர்களிடம் அந்த எச்-சே இல்லை. ஏ, பி மரபணு உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது, சாதாரண டெஸ்டில் ஓ என்றே காட்டும். அவர்கள் உடம்பு எச்-சை அந்நியமாகப் பார்ப்பதால் ஓ ரத்தமும் ஒத்துக்கொள்ளாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஓ அப்பாவுக்கும் ஓ அம்மாவுக்கும் பி பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று பல வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எங்கள் வீட்டில் கேட்டார். கேட்ட தொனியை அம்மா மறக்கவே இல்லை. அப்பா ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. டாக்டரம்மா அப்பாவையும் சித்தியையும் மாமாக்களையும் உட்கார வைத்து, "அம்மாகிட்ட பி மரபணு இருக்கு, எச் இல்லாததால மறைஞ்சிருக்கு. அப்பாகிட்ட இருந்து எச் கிடைச்சதும் மகளுக்கு பி வெளியே வந்திடுச்சு" என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். அம்மா படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் ஏறுவதற்கு முன்னாலேயே அவர் முகத்தில் தெளிவு வந்துவிட்டது. டாக்டரம்மா, உங்களுக்கு அது தினசரி வேலையாக இருக்கலாம். எங்களுக்கு அது ஆயுளுக்கும் போதும்.

எங்கே தேடுவது என்று வழி காட்டியதும் அவர்தான். ரத்த வகைகள் உலகம் முழுக்க ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. முதல் உலகப் போரின்போது கிரேக்கத்தின் சலோனிகாவில் இருந்த டாக்டர் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும் அவர் மனைவி ஹன்காவும் பல நாட்டுப் படைவீரர்களின் ரத்தத்தைச் சோதித்து, ஐரோப்பியரிடம் ஏ அதிகம், இந்திய வீரர்களிடம் பி அதிகம் என்று 1919இல் வெளியிட்டார்கள். இந்தியாவுக்குள்ளேயே வடக்கே பல இடங்களில் பி முந்துகிறது, நம் தெற்கில் பெரும்பாலும் ஓ. தென் அமெரிக்கப் பழங்குடிகள் ஏறக்குறைய எல்லோருமே ஓ. ஆர்எச் நெகட்டிவ் ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினைந்து பேர், நம் நாட்டில் ஐந்தாறு பேர், சீனா ஜப்பானில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பம்பாய் வகை ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்றால் இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவர் என்று கணக்கு. கரும்புத் தோட்ட வேலைக்கு ரீயூனியன் தீவுக்குப் போன நம் ஆட்களின் வம்சத்திலும் இதே வகை இருக்கிறதாம். இதில் உசத்தி, மட்டம் என்று எதுவும் இல்லை, எந்த ரத்தத்தை எங்கே தேடினால் கிடைக்கும் என்பதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார்.

அதனால் முதலில் கூடப்பிறந்தவர்களைப் பாருங்கள் என்றார். அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, கட்டியது சொந்த அக்கா மகளை. இங்கே அது வழக்கம்தான். ஒரே அரிய மரபணு இரண்டு பக்கமும் வந்து சேர அது வாய்ப்பாகிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 1960இல் திருத்தணிப் பக்கம் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு போனபோது எங்கள் சொந்தத்தில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து பெரியம்மா, புத்தூரிலிருந்து சித்தி, பள்ளிப்பட்டிலிருந்து சின்ன மாமா என்று எல்லோரும் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். சேர்ந்தது சின்ன மாமாவுக்கு மட்டும்.

மாமாவுக்கு ஊசி என்றாலே பயம். அத்தைக்கு அதைவிடப் பயம், "ஏற்கெனவே ஒல்லி உடம்பு, தாங்குவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹீமோகுளோபின் பார்த்து, எடை பார்த்து, தாங்கும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினார். மாமா, அத்தை, உங்களுக்கு நன்றி சொன்னால் திட்டுவீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு யூனிட் போதாது. மாமாவிடம் உடனே மறுபடி எடுக்கவும் முடியாது. அரிய ரத்தக் கொடையாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் விடிய விடிய போன் போட்ட தன்னார்வலர்களே, நீங்கள் தேடிப் பிடித்த பெங்களூர்த் தம்பி ராத்திரி வேலை முடிந்து நேராக அங்கிருந்த ரத்த வங்கிக்குப் போய்க் கொடுத்திருக்கிறார். அவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம் என்றுவிட்டார். தம்பி, அம்மா உங்களுக்கு இரண்டாவது தாய். அந்தப் பையை ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியில் எடுத்து வந்தவருக்கும் நன்றி. ரயிலில் பெட்டியைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்து, சூடு ஆறு டிகிரியைத் தாண்டுகிறதா என்று தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். சென்ட்ரலில் பைக்கோடு நின்று அவரைக் கூட்டி வந்த பையனுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே ஓய்ந்துபோன செக்யூரிட்டி அண்ணனுக்கும் நன்றி.

தறி பாக்கியைக் கேட்காமல் பொறுத்துக்கொண்ட முதலாளிக்கும், தங்கச்சி பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தனியாக வந்து சொல்கிறேன்.

சின்ன மாமா இப்போது ஊசிக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மும்பை தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனத்தின் அரிய கொடையாளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறார். தனக்கும் ஓ ரத்தம் ஏற்றக் கூடாது என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. கொடுத்து 90 நாள் ஆனதும் மறுபடி கொடுக்கலாம். பம்பாய் வகை யாருக்குத் தேவைப்பட்டாலும் எங்களுக்கு உதவிய தன்னார்வலர்களிடம் சொல்லுங்கள், அவர்களிடம் எங்கள் நம்பர் இருக்கிறது. மாமாவைக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
அம்மாவின் மூத்த மகள்,
நகரி