டெபியன் மிரர் தடங்கலின்றி ஓடத் துணை நிற்பவர்களுக்கு

அன்புடையீர்,

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியம் நாளுக்கு 4 முறை மாறுகிறது. அந்த மாற்றங்கள் மூலநிரல் தொகுப்புகளோடு, களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் சர்வரான எங்கள் மிரருக்கும் பிழையில்லாமல் வந்து சேர்வதற்குப் பலர் காரணம். 'உதவிக்கு நன்றி' என்று மொட்டையாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. எதற்கு நன்றி என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில், மிரரைப் புதுப்பிக்கும் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்டை எழுதிப் பராமரித்துவரும் டெபியன் தன்னார்வலர்களுக்கு. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை மட்டும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டு விட்டால் அது அகரவரிசையில் போகும். பட்டியல்கள் இருக்கும் 'டிஸ்ட்ஸ்' அடைவு முந்திக்கொள்ளும், தொகுப்புக் கோப்புகள் இருக்கும் 'பூல்' பின்தங்கும். மூலநிரல் தொகுப்புகளைச் சொல்லும் புதிய சோர்சஸ் பட்டியல் வந்திருக்கும், அதில் சொல்லியிருக்கும் டார் கோப்பு (மூலநிரல் கட்டு) வந்திருக்காது. மூலநிரலை இறக்க டெபியனின் தொகுப்புக் கருவியான ஆப்டில் 'ஆப்ட் சோர்ஸ்' கொடுத்தவருக்கு 404 (கோப்பு இல்லை) பிழைதான் கிடைக்கும். பட்டியல்களின் சரிபார்ப்பு மதிப்புகளைக் கொண்ட ரிலீஸ் கோப்பு மாறி, பட்டியல் இன்னும் மாறாத இடைவெளியில் வந்தவருக்கு 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' (மதிப்பு பொருந்தவில்லை) பிழை. இதைத் தவிர்க்கவே அந்த ஸ்கிரிப்ட் இரண்டு சுற்றாக ஓடுகிறது. முதல் சுற்றில் பட்டியல்களைத் தொடாமல் பூலுக்குப் புதிய கோப்புகளை மட்டும் கொண்டுவரும், எதையும் அழிக்காது. இரண்டாம் சுற்றில் பட்டியல்களை ஒதுக்கமாக இறக்கிவைத்து, எல்லாம் வந்தபின் ஒரே மூச்சில் இடம் மாற்றும். அதற்கு ஆர்சிங்க்கின் 'டிலே-அப்டேட்ஸ்' விருப்பம். பழைய கோப்புகளை அழிப்பது கடைசி வேலை.

அழிப்பதற்கு ஒரு வரம்பு வைத்ததற்குத் தனி நன்றி. நாங்கள் கோப்புகளை எடுக்கும் மேல் சர்வரில் டிஸ்க் இணைப்பு (மவுன்ட்) கழன்று அடைவு காலியாகத் தெரிந்தால், ஆர்சிங்க்கின் 'டிலீட்' விருப்பம் நம் பக்கத்தையும் துடைத்துவிடும். 'மேக்ஸ்-டிலீட்' இருந்தால் வரம்பைத் தொட்டதும் அழிப்பதை நிறுத்தி, எக்ஸிட் கோட் 25 உடன் ஆர்சிங்க் முடியும். லாகில் 25ஐப் பார்த்தால் மறுபடி ஓட்டாதீர்கள். முதலில் மேலே என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

'புதியது வந்துவிட்டது' என்ற புஷ் அறிவிப்பை அனுப்பும் மேல் சர்வர் நிர்வாகிகளுக்கு அடுத்த நன்றி. கிரான் நேரத்தை நம்பினால், மேலே பாதி மாறிக்கொண்டிருக்கும்போது போய் இழுக்க நேரிடும். நீங்கள் உங்கள் சின்க் (கோப்பு ஒத்திசைவு) முடிந்த கையோடு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக எங்களைத் தட்டுகிறீர்கள். அந்த இணைப்புக்கான சாவியால் ஒரே ஒரு கட்டளைதான் ஓடும், மற்ற கட்டளைகளை இடும் ஷெல் கிடைக்காது. இங்கே ஒரு சின்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த புஷ் வந்தாலும் வீணாவதில்லை: ஸ்கிரிப்ட் ஒரு குறிக் கோப்பை வைத்துக்கொண்டு, முடிந்ததும் இன்னொரு முறை ஓடும்.

டிஸ்கும் மின்சாரமும் அலைவரிசையும் தருபவர்களுக்கும் எங்கள் நன்றி. புதியதும் பழையதும் சற்று நேரம் சேர்ந்தே இருப்பதால் கூடுதல் இடம் எப்போதும் தேவை. அதை நீங்கள் மறுத்ததில்லை.

நாங்கள் மிகவும் கடன்பட்டிருப்பது, மிரர் பின்தங்கியதைச் சொல்லும் பயனர்களுக்கு. டெபியனின் வளர்ச்சிப் பதிப்பான அன்ஸ்டேபிளின் ரிலீஸ் கோப்பில் 'வேலிட்-அன்டில்' (இதுவரை செல்லும்) தேதி உண்டு. 7 நாள் தாண்டினால் ஆப்ட் தானே மறுத்துவிடும். நிலையான பதிப்பான ஸ்டேபிளின் முதன்மைத் தொகுப்பில் அந்தத் தேதி இல்லை; மாதக்கணக்கில் நின்றுபோன மிரரும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கோப்பு கொடுத்துக்கொண்டே இருக்கும். கடைசியாகப் புதுப்பித்த நேரம் பதிவாகும் 'ப்ராஜெக்ட்/ட்ரேஸ்' அடைவைத் திறந்து, எங்கள் கோப்பின் தேதியையும் தலைமை சர்வர் கோப்பின் தேதியையும் ஒப்பிட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவணங்குகிறோம்.

டிஸ்கில் கெட்டுப்போன டார் கோப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கும் அப்படியே. ஆர்சிங்க் அளவையும் நேரத்தையும்தான் பார்க்கும். உள்ளே பிட் புரண்டிருந்தால் அதற்குத் தெரியாது. உள்ளடக்கத்தையே ஒப்பிடும் 'செக்சம்' விருப்பத்தைப் போட்டால் மேல் சர்வரின் டிஸ்கையும் முழுக்கப் படிக்கவைக்கும், அது அவர்களுக்குச் சுமை. எனவே சோர்சஸ் பட்டியலிலுள்ள எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு மதிப்போடு இங்கேயே சரிபார்க்கிறோம். பிழையானதை நீக்கிவிட்டால் அடுத்த சின்க்கில் நல்லது வந்துவிடும்.

இனியும் பிழை கண்டால் ஆப்ட் காட்டும் வரியை முழுதாக, யுடிசி (உலகப் பொது) நேரத்தோடு, ஐபிவி4 வழியா ஐபிவி6 வழியா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
மிரர் பராமரிப்புக் குழு