ஆபா எண் இருக்கிறது, அறிக்கை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில் ஆபா எண் எடுத்துக் கொடுப்பது மும்முரமாக நடக்கிறது. நம் மருத்துவ ஆவணங்களைச் செல்போனிலேயே பார்க்க உதவும் 14 இலக்க எண் அது; 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தருவது. ஆதார் எண்ணைச் சொல்லி, செல்போனுக்கு வரும் ஓடிபியையும் சொன்னால் சில நிமிடங்களில் எண் கிடைத்துவிடும். ஆனால், ரத்தப் பரிசோதனை முடிவு செல்போனுக்கே வந்துவிடும் என்று நம்பி ஆபா செயலியைத் திறக்கும் பலருக்கு அங்கே ஒன்றும் இருப்பதில்லை. எண் எடுப்பது ஒரு வேலை, ஆவணங்களை அதோடு இணைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது எங்கே முடங்குகிறது என்பதை மக்களும் நிர்வாகமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஆவணங்கள் டெல்லியில் ஏதோ ஒரு கணினியில் குவிந்து கிடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பரிசோதனை செய்த ஆய்வகம், சிகிச்சை அளித்த மருத்துவமனை ஆகியவற்றிடம்தான் அவை இருக்கும். நாம் கேட்கும்போது செயலி அங்கிருந்து வாங்கிக் காட்டும். பழைய ஆவணத்தைத் தேடும்போது பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, செல் எண் ஆகியவற்றை வைத்துத்தான் ஆளைப் பொருத்திப் பார்க்கிறார்கள். நம் ஊர் இனிஷியல் பழக்கம் இங்கேதான் வம்பு செய்கிறது. ஆதாரில் முருகன் சுப்பையா, ஓபி சீட்டில் எஸ்.முருகன், ஆய்வகத்தில் முருகன் எஸ். வயதைக் கேட்டால், “அறுபது இருக்கும்” என்பார். ஆதாரில் பிறந்த ஆண்டு 1958 என்றிருக்கும். கூட்ட நேரத்தில் செல் எண் கட்டத்தில் 9999999999 என்று தட்டிவிட்டு அடுத்தவரை அழைப்பதும் உண்டு. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை வரும்போதும் புதிதாக ஓபி எண் போட்டால், ஒரே நோயாளி மென்பொருளுக்கு நாலைந்து பேராகிவிடுகிறார். பிறகு தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எனவே பதிவுக் கவுன்ட்டரில், ஆதாரில் உள்ளபடி பெயர், பிறந்த ஆண்டு, தன் செல் எண், ஆபா எண் ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சீட்டை வாங்கியதும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

அடுத்த முட்டுக்கட்டை ஆய்வகத்தில். டெக்னீஷியன் முடிவுகளைக் கணினியில் ஏற்றுவார். மருத்துவர் அதே கணினியில் ஒப்புதல் கொடுத்தால்தான் அறிக்கை முழுமையாகும். பல இடங்களில் ஏற்றியதை அப்படியே பிரிண்ட் எடுத்து, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தாளைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. கணினியிலோ அந்த அறிக்கை இன்னும் வரைவுதான்; வரைவு எந்தச் செயலிக்கும் போகாது. ‘எல்லாம் ஆன்லைன்தான்’ என்று பலகை மாட்டிய பிறகும் நோயாளி தாளுக்காக மறுநாள் வந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். சில இடங்களில் அந்தத் தாளையே ஸ்கேன் செய்து படமாக ஏற்றுகிறார்கள். படமாவது வருகிறதே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று வரிசையாக ஒப்பிட எண்கள் வேண்டும். படத்தில் இருக்கும் எண்ணை மென்பொருள் எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை.

முதியவர்களின் பாடு தனி. ஆதாரோடு இணைந்த செல் எண் வெளியூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். அம்மா கவுன்ட்டரில் நிற்கும்போது ஓடிபி அங்கே போய் விழும். எண் உருவாக்கும்போது ஆதார் ஓடிபி முடிந்ததும் தொடர்புக்கான செல் எண்ணைக் கேட்கும். அங்கே நோயாளி கையில் உள்ள போன் எண்ணைக் கொடுத்தால், அதற்கும் ஓர் ஓடிபி வரும்; சரிபார்த்துவிட்டால் அந்த எண்ணே நிற்கும். பலர் அவசரத்தில் பழைய எண்ணையே விட்டுவிடுகிறார்கள்.

பதிவு செய்வதற்காகப் புறநோயாளிகள் பிரிவில் ஒட்டியுள்ள கியூஆர் குறியீட்டை ஆபா செயலியில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், அல்லது அதே வசதியுள்ள வேறு செயலியில். பணம் அனுப்பும் செயலியில் காட்டிப் பயனில்லை. வீட்டிலேயே லாகின் செய்துவிட்டு வாருங்கள். மருத்துவமனைக்குள் சிக்னல் கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறைய. ஸ்கேன் செய்ததும் வரும் டோக்கன் பதிவு வரிசைக்கு மட்டும்தான். மருத்துவரின் அறை வாசலில் காத்திருப்பது இதனால் குறைந்துவிடாது.

உங்கள் ஆவணங்களைப் பார்க்க மருத்துவர் அனுமதி கேட்டால், கேட்பவர் யார், என்ன காரணத்துக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையிலான ஆவணங்கள், அனுமதி எப்போது முடிகிறது என்று செயலியில் தெரியும். கணுக்கால் சுளுக்குக்கு வந்த இடத்தில் ஐந்தாண்டு மனநல சிகிச்சைக் குறிப்பைத் திறந்துகாட்டத் தேவையில்லை. தேதிகளைச் சுருக்கலாம், வேண்டாததை நீக்கலாம். அனுமதியைப் பிறகு ரத்து செய்யவும் முடியும், ஆனால் பார்த்தவர் பார்த்ததுதான். ஓடிபியை யாரிடமும் போனில் சொல்லாதீர்கள்.

ஆபா அட்டை காப்பீட்டு அட்டை அல்ல. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வேறு. ஆபா எண் எடுப்பது அவரவர் விருப்பம். அது இல்லை என்று சிகிச்சை மறுக்கக் கூடாது.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. இந்த மாதம் எத்தனை எண் எடுத்தோம் என்று ஊழியர்களை விரட்டுவதை நிறுத்திவிட்டு, எத்தனை ஆய்வக அறிக்கைகளும் டிஸ்சார்ஜ் சுருக்கங்களும் நோயாளியின் செல்போனைச் சேர்ந்தன என்று கேளுங்கள். ஓபி சீட்டை இணைத்துவிட்டு ஆவணம் இணைந்ததாகக் கணக்கு காட்ட விடாதீர்கள். பதிவுக் கவுன்ட்டரில் நோயாளியை நோக்கி ஒரு திரை வையுங்கள்; தன் பெயரும் செல் எண்ணும் சரியா என்று அவரே சொல்லிவிடுவார்.

அதுவரை பழைய தாள்களை நீங்களே படமெடுத்துச் செயலியில் ஏற்றிவையுங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்துக்கு ஒரு படம். பெயர், தேதி, ஆய்வகத்தின் பெயர் மூன்றும் தெரிய வேண்டும். இசிஜியை முதலில் எடுங்கள். அந்த வெப்பத்தாளில் உள்ள கோடுகள் நாளாக ஆக மங்கிவிடும்.

– மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர்கள் சிலர், மதுரை.