அணில் கடித்த பழம் இனி எங்கள் கடையில் கிடையாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நான்கு நாட்களாகக் கடையில் ஒரே கேள்விதான். "ஏனுங்க, இந்தப் பழத்தை நம்பி வாங்கலாமுங்களா?" நேற்று ஓர் அக்கா அரைக் கிலோ ரம்புட்டான் எடை போட்டு, பையில் கட்டி, பணம் எடுக்கும் நேரத்தில் போனில் எதையோ பார்த்தார். பையை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேரளத்தில் மலப்புரத்திலும் பாலக்காட்டிலும் இந்த 2025 ஜூலையில் நிபா என்ற, வௌவாலிடமிருந்து பரவும் வைரஸ் காய்ச்சல் வந்திருக்கிறது; பொள்ளாச்சியில் இருக்கிற நமக்குப் பாலக்காடு பக்கத்து ஊர் மாதிரி. ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். பழ வியாபாரி பழத்தைப் பற்றிச் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் படிப்பீர்கள். சரி, அப்படியே படியுங்கள்.

முதலில் எங்கள் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அணில் கடித்த பழம்தான் இனிக்கும் என்று நாம் எல்லோரும் சொல்லி வளர்ந்தவர்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் கடிபட்ட கொய்யா, மாம்பழம் எதையும் எறிந்ததில்லை. பல் பட்ட இடத்தைக் கத்தியால் சீவிவிட்டு, மீதி ஜூஸுக்குப் போகும். 2018-இல் கோழிக்கோடு பேராம்பிரா பக்கம் நிபா வந்து, கேரளத்தில் 17 பேர் இறந்தபோது பயந்துபோய் அதை நிறுத்தினோம். ஒரு மாதம்தான். அப்புறம் செய்தி ஓய்ந்தது, கத்தி பழையபடி வெளியே வந்துவிட்டது. இந்த முறை அப்படி இல்லை. கடிபட்ட பழம் இனி ஜூஸுக்கும் போகாது, பாதி விலைக்கும் போகாது.

ஏன் என்று கேட்டால், கடித்தது அணிலா வௌவாலா என்று பழத்தைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. நிபா கிருமி இயற்கையில் குடியிருப்பது பழந்தின்னி வௌவாலின் உடம்பில். அது பழத்தை முழுசாக விழுங்குவதில்லை. மென்று சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். எச்சிலும் சிறுநீரும் பட்ட பழம் கீழே விழும். கடித்த இடத்தை மட்டும் சீவினால் எச்சில் போய்விட்டது என்று எந்தக் கத்தி உத்தரவாதம் தரும்?

இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது மலேசியாவில், 1998-99-இல். நிபா என்பதே அங்குள்ள சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயர். பன்றிப் பண்ணைகளை ஒட்டி மாமரங்கள் வைத்திருந்தார்கள். வௌவால் தின்று போட்ட பழத்தைப் பன்றிகள் தின்றன, பன்றிகளிடமிருந்து ஆட்களுக்கு வந்தது என்பதுதான் ஆராய்ந்தவர்கள் சொல்லும் விளக்கம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்று புதைத்தார்கள். இதைப் படித்த அன்றுதான் எங்கள் கடையின் கழிவுக் கூடை ஞாபகத்துக்கு வந்தது. தினமும் சாயங்காலம் பின் தெருவில் மாடு வைத்திருப்பவர் அந்தக் கூடையை எடுத்துப்போவார். அவரிடம் பேசியாயிற்று. கடிபட்ட பழங்களைத் தனியாகப் பிரித்துக் குழி வெட்டி மூடுகிறோம். வாழைப்பழத் தோல் மட்டும் மாட்டுக்குப் போகிறது.

மண்டியிலிருந்து லோடு வந்ததும் கிரேட்டைக் கவிழ்த்து, பையன்கள் கையுறை போட்டு ஒவ்வொரு பழமாகப் புரட்டிப் பார்க்கிறார்கள். பல் தடம், நகக்கீறல், ஓட்டை எது இருந்தாலும் கழிவுதான். சனிக்கிழமை வந்த ரம்புட்டானில் ஒரு கூடை அப்படிப் போனது. வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் வீட்டு வேலை. பழத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தோலை உரித்துச் சாப்பிடுங்கள். ரம்புட்டானைப் பல்லால் கடித்து உடைக்கிற பழக்கம் பாதிப் பேருக்கு இருக்கிறது, என் மகள் உட்பட. தோலில் என்ன இருந்தாலும் அது நேராக வாய்க்குப் போகிறது. கத்தியால் ஒரு கீறல் போட்டுப் பிரியுங்கள். உரித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் சுளையை எடுங்கள். மாம்பழத்தைத் தோலோடு உறிஞ்சுவதையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். இந்தக் கிருமி சோப்புக்கும் கொதிக்கிற சூட்டுக்கும் தாங்காது.

கடைப் பழத்தை இத்தனை சந்தேகமாகப் பார்க்கிறவர்கள், தோப்பில் விழுந்து கிடக்கிற கொய்யாவைக் குழந்தை பொறுக்கித் தின்னும்போது ஒன்றும் சொல்வதில்லை. இரவு முழுக்க வௌவால் வந்துபோன மரத்தடிதான் அதிகம் பயப்பட வேண்டிய இடம். பானை திறந்து கிடக்கிற பச்சைக் கள்ளும் அப்படித்தான். வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சாமல் குடித்துத்தான் பலருக்கு இது வந்திருக்கிறது. வௌவால் ராத்திரியில் மரம் சீவிய இடத்தை நக்கி, பானையிலும் சிறுநீர் கழித்துவிட்டுப் போகும். கருப்பட்டி கேட்டுத் தயங்குகிறவர்களுக்கு: அது மணிக்கணக்கில் கொதித்து வந்தது, பயமில்லாமல் வாங்கலாம்.

அதற்காக வௌவால் தங்கும் மரத்தை வெட்டுவது, வெடி போட்டு விரட்டுவது வேண்டாம். மிரண்டு, பசியில் அலையும் வௌவால்கள்தான் கிருமியை அதிகமாக வெளியே விடுகின்றன என்கிறார்கள். இரவில் பூக்கும் எத்தனையோ மரங்களுக்கு மகரந்தம் சுமப்பவையும் அவைதான்.

பழத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், கேரளத்தில் 2018-இல் அதிகம் பேருக்கு நோய் வந்தது பழத்தால் அல்ல. முதலில் விழுந்த ஒருவரிடமிருந்து, ஆஸ்பத்திரிகளில், பக்கத்தில் இருந்தவர்களுக்குப் போனது. பேராம்பிரா அரசு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி அப்படித்தான் இறந்தார். கொரோனா போலக் கூட்டத்தில் நின்றதும் ஒட்டுகிற நோய் இல்லை இது. நோயாளியின் எச்சில், சளி, சிறுநீர் படும் அளவுக்கு நெருங்கி இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. வந்தால் பாதிப் பேருக்கு மேல் பிழைக்காமல் போவதும் உண்டு; போட்டுக்கொள்ளத் தடுப்பூசி இன்னும் இல்லை.

அதனால் எங்கள் வியாபாரத்துக்கு ஆகாத ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகும் வழியில் ஆப்பிள், சாத்துக்குடி வாங்க வருகிறவர்கள்தான் எங்கள் சாயங்கால வியாபாரமே. இந்தச் செய்தி அடங்கும்வரை, காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகாதீர்கள். வெறும் கையோடு எப்படிப் போவது என்று பழம் வாங்குகிறோம். இப்போது போகாமல் இருப்பதுதான் மரியாதை. அவர் வீடு திரும்பியதும் விலாசம் சொல்லுங்கள், உங்கள் பெயரைச் சொல்லிப் பையன் கொண்டுபோய்க் கொடுப்பான். டெலிவரிக்குக் காசு வாங்க மாட்டோம்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குவது, பேச்சில் குழப்பம் என்று வந்தால் காத்திருக்க வேண்டாம். அவர் அண்மையில் மலப்புரம், பாலக்காடு பக்கம் போய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கிருமி உள்ளே போய் நோய் தெரிய நாலு நாள் முதல் பதினாலு நாள் வரை ஆகலாம், சிலருக்கு இன்னும் அதிகம். பார்த்துக்கொள்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளட்டும். சந்தேகம் கேட்க 104, ஆம்புலன்ஸுக்கு 108.

எங்கள் பையன்களில் ஒருவன் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவன். அவனைக் காணோமே, என்னாயிற்று என்று கேட்கிறீர்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன், சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது.

ரம்புட்டானை வைத்துவிட்டுப் போன அக்கா இதைப் படித்தால்: நீங்கள் எடுத்து வைத்த ஐம்பது ரூபாய் மேஜையிலேயே இருந்தது, கல்லாவில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழக்கடைக்காரர்