ழகரம் இரட்டிப்பதில்லை, அப்பா

அவெய்ரோ, போர்ச்சுகல்
பிப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதைப் பற்றி நீங்கள் குறை சொல்லாததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கடிதத்தின் அடியில் ஆச்சி போட்டிருந்த கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண் அறுவைக்குப் பிறகு போட்டதுதானே? எழுத்து வரியைவிட்டு இறங்காமல் நிற்கிறது.

அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாள். இங்கே பக்கலியாவ் என்று ஒரு கருவாடு உண்டு. நம் முழங்கை நீளத்துக்குப் பலகைபோல் விறைத்து, கடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் தடவை நான் ஓர் இரவு மட்டும் ஊறவைத்துக் குழம்பு வைத்தேன். உப்பில் வாய் வெந்துவிட்டது. ஒன்றிரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டுமாம். ஊர் ஓரத்தில் தூத்துக்குடிபோல் உப்பளங்கள் இருக்கின்றன. கோடையில்தான் உப்பு எடுப்பார்கள். முட்டை மஞ்சள் கருவும் சீனியும் சேர்த்து, மெல்லிய சங்கு வடிவக் கூட்டுக்குள் அடைத்த இனிப்பு இந்த ஊருக்குப் பேர்போனது. நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் நம் அல்வாவைப்போல் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகாது.

குளிர் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகம். மழை விடாமல் பெய்து சுவரெல்லாம் பூஞ்சை. நீங்கள் கொடுத்தனுப்பிய பத்தமடைப் பாயின் ஓரத்திலும் கரும்புள்ளி ஏறியது. துடைத்து ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறேன். ஹீட்டர் போட்டால் தொண்டை வறள்கிறது, அதனால் போடுவதில்லை. பஸ்ஸிலும் போவதில்லை. நாற்பது நிமிட நடை உடம்புக்கு நல்லதுதானே. பணத்துக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மாதத்தையும் சேர்த்துச் சித்திரையில் அனுப்புகிறேன்.

கீழ்வீட்டில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். தினமும் இரவு ஒன்பது மணிக்குத் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுவார். அது என் தரை. நான் சாப்பிட்டிருந்தால் காலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கீரை சூப்புச் சட்டியோடு படியேறி வந்துவிடுவார். நான் குடித்து முடிக்கும்வரை வாசலைவிட்டு நகரமாட்டார். அவர் மொழி எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் என்னை மகளே என்றுதான் கூப்பிடுகிறார்.

தெருவில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது, நீ எதைத்தான் ஆராய்கிறாய் என்று எழுதியிருந்தீர்கள். எட்டாம் வகுப்பில் நீங்கள் மெய்ம்மயக்கம் நடத்தியது நினைவிருக்கிறதா? ‘ர’வும் ‘ழ’வும் இரட்டிக்காது, ‘ழ்ழ’ வருகிற ஒரு தமிழ்ச்சொல் கொண்டுவருபவருக்கு ஐந்து ரூபாய் என்றீர்கள். ஒருவரும் வாங்கவில்லை. என் வேலையும் அதுதான், அப்பா. உயிர்களின் டிஎன்ஏவில் எந்த எழுத்துச் சேர்க்கை இல்லை என்று தேடுவது.

அங்கே எழுத்து நான்குதான்: ஏ, சி, ஜி, டி. இந்த நான்கைக் கொண்டு பதினோரெழுத்துச் சரங்கள் 41,94,304 எழுதலாம். மனிதரின் மொத்த டிஎன்ஏவான மரபுத்தொகுப்போ சுமார் 300 கோடி எழுத்து. கணக்குப்படி ஒவ்வொரு சரமும் எழுநூறு தடவைக்கு மேல் வர வேண்டும். ஆனால் சில சரங்கள் ஒரு தடவைகூட வரவில்லை என்று 2007-ல் அமெரிக்காவில் கிரெக் ஹாம்பிக்கியனும் டிம் ஆண்டர்சனும் காட்டினார்கள். அவற்றுக்கு நல்லோமர் என்று பெயர் வைத்தார்கள். உயிருக்குக் கேடு என்பதால் விலக்கப்பட்டவையாக இருக்குமோ என்ற எண்ணம் அப்போது இருந்தது. அதே ஆண்டில் வேறு சிலர் மறுத்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் சரியென்று படுகிறது. சி-யை அடுத்து ஜி வரும் இடங்களில், நம் உடல் அந்தச் சி-யின்மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறியை ஏற்றுகிறது. குறி ஏறிய சி எளிதில் டி-யாகிவிடும். உங்கள் இலக்கணத்தில் சொன்னால் திரிதல் விகாரம். தலைமுறை தலைமுறையாக இப்படித் திரிந்ததால், சி-ஜி நிறைந்த சரங்கள் அருகிப்போய், சில அடியோடு மறைந்தன. விலக்கியதல்ல, தேய்ந்துபோனது.

இல்லாதது எதற்கு உதவும் என்று அம்மா கேட்பாள். மனிதரிடம் இல்லாத சரம் ரத்தத்தில் தென்பட்டால், வெளியாள் வந்திருக்கலாம் என்று பொருள். எபோலா வைரஸில் உள்ள, ஆனால் மனித டிஎன்ஏவில் இல்லாத மூன்று சரங்களை 2015-ல் கண்டு சொன்னது இந்த ஊர்ப் பல்கலைக்கழகம்தான். அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

செவ்வாய் இரவு பாட்டி தட்டினார். உங்கள் கடிதம் மடியில் இருந்தது. அம்மா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்த அன்று, தெரியாமல் எனக்கும் தட்டு எடுத்துவைத்துவிட்டாள் என்ற இடத்தில் நின்றிருந்தேன். காலைத் தூக்கித் தட்ட முடியவில்லை. சட்டியோடு வந்தவர் ஒன்றும் கேட்காமல் என் தலையைத் தடவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட முதல்நாள் வாசனை உங்களுக்குத் தெரியும். அது வேண்டும்போல் இருந்தது. வேறொன்றுமில்லை, அம்மாவிடம் இதைப் படிக்க வேண்டாம்.

பிசான அறுப்பு முடிந்ததா? எத்தனை கோட்டை நெல் கண்டது? சித்தப்பா தன் பங்கை விற்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். வெளியாருக்குப் போக வேண்டாம், நாமே எடுத்துக்கொள்ளலாம். பணத்துக்கு அடுத்த தைவரை தவணை கேளுங்கள். என் பங்கு அதற்குள் வந்துவிடும். ஆனால் இந்தப் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அத்தையையும் மாமாவையும் அழைத்து, ஆச்சி முன்னிலையில் பேசுங்கள். பட்டா ஆச்சி பெயரில்தானே இருக்கிறது? கண் நன்றாகத் தெளிந்து, அவளே படித்துப் பார்க்கும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்க விடாதீர்கள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்லுங்கள். அடுப்புப் பக்கம் போகவே கூடாது.

உங்கள் அன்பு மகள்,
செல்வி