குதிரைசக்தியைக் கூட்டும் முன் தொலைந்ததைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டர்போ கார்களை வாங்கி ட்யூன் செய்யும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க ரீமேப் செய்தால், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் கணக்கை (மேப்) மாற்றி எழுதினால், எவ்வளவு குதிரைசக்தி கூடும், சைலன்சரை மாற்றினால் எப்படிச் சத்தம் வரும் என்றே போகிறது. பராமரிப்பு என்ற சொல் ஒரே இடத்தில், அதுவும் செலவு அதிகம் என்று சொல்வதற்காக வருகிறது. அதைப் படித்துவிட்டு ஒரு பையன் இருபது வருடக் காரை வாங்கி, நேராக ரீமேப் செய்பவரிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுவானே என்ற கவலையில் இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் போனேன்.

என்னுடையது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 1.8 லிட்டர் இன்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைசக்தி. இந்தியாவில் ஷோரூமில் வைத்து விற்ற முதல் டர்போ பெட்ரோல் கார்களில் அதுவும் ஒன்று. 2016-இல் மூன்றாவது ஓனராக வாங்கினேன், மூன்றாம் மாதமே ரீமேப் செய்தேன். 190 வரும் என்றார்கள். ஒரு வாரம் நன்றாக இழுத்தது. அப்புறம் மூன்றாவது கியரில் மிதித்தால் ஆர்.பி.எம். மட்டும் ஏறும், வண்டி நகராது. கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு இக்னிஷன் காயில் போனது. மே மாத வெயிலில் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம், நாற்பது கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, இன்ஜினுக்குள் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி நாக்கிங், அதாவது உள்ளே பெட்ரோல் கலவை தாறுமாறாகத் தானே பற்றி வெடிக்கிற சத்தம். செய்து கொடுத்தவரைக் கேட்டதற்கு வண்டி பழசு என்றார். அதைக் கை வைக்கும் முன்னால் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் வருத்தம்.

அதற்குப் பிறகு கோவை கணபதியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஸ்பேனரை எடுக்கும் முன் லேப்டாப்பை எடுத்தார். “மொதல்ல கம்பெனி குடுத்த நூத்தம்பது இருக்குதான்னு பாக்கலாமுங்க” என்றார். பழைய மேப்பையே திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டு, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் 115-ஆம் பிளாக்கை (அளவுகள் காட்டும் பக்கம்) திறந்து காட்டினார். கம்ப்யூட்டர் கேட்கிற பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின்) அழுத்தம் ஒரு பக்கம், உண்மையில் வருகிற அழுத்தம் இன்னொரு பக்கம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 1,600 மில்லிபார் கேட்டது, 1,400-ஐக்கூட எட்டவில்லை. எங்கோ காற்று ஒழுகுகிறது.

ஒழுகினால் என்ன என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். புகையாக வெளியே போகிற சூடான வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். உள்ளே போகிற காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் முதலிலேயே அளந்துவிடுகிறது. அளந்த பிறகு வழியில் ஹோஸ் கிழிந்து காற்று வெளியே போனாலும் பெட்ரோல் பழைய கணக்குப்படியே விழும். மைலேஜ் குறையும், புகை கறுக்கும், இழுவை போகும். அழுத்தம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றச் சொல்லும். இந்த நிலையில் இருக்கும் வண்டிக்கு அரை பாருக்குக் கொஞ்சம் மேலே இருந்த பூஸ்டை ரீமேப் செய்து ஒரு பாருக்கு ஏற்றினால் டர்போவின் ஆயுள் என்ன ஆகும்?

ஒழுகலைக் கண்டுபிடிக்க அவர் செய்த கருவி என்னால் மறக்க முடியாதது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பி.வி.சி. மூடியில் ஓட்டை போட்டு, ட்யூப்லெஸ் டயரின் வால்வைச் சொருகி, அதை டர்போவின் வாயில் மாட்டி, கால் பம்பால் மெதுவாகக் காற்று அடித்தார். பஞ்சர் கடையில் செய்வதுபோல ஹோஸ் முழுக்கச் சோப்புத் தண்ணீர். மூன்று இடத்தில் நுரை வந்தது. இரண்டு இடத்தில் கிளாம்ப் தளர்ந்திருந்தது, இன்னொன்றில் ஹோஸே வெடித்திருந்தது. மிதியை விட்டதும் மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிடுகிற டைவர்ட்டர் வால்வைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது, இந்த இன்ஜினில் அது அடிக்கடி நடப்பதுதான். எல்லாம் சேர்த்து ரீமேப்புக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. திரும்ப ஓட்டியபோது, எந்த ரீமேப்பும் இல்லாமல், ரீமேப் செய்த அந்த முதல் வாரத்தில் இருந்த அதே இழுவை வந்தது. அதை இன்றுவரை நான் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு இது பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை காருக்குத்தான். 15,000 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று சொல்கிற ஆயிலை 7,500-லேயே மாற்றுகிறேன், ஃபோக்ஸ்வாகனின் 502 தரம் போட்ட 5டபிள்யூ-40 ஆயில் மட்டும். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றி, அதை வடிகட்டும் ஸ்டிரெய்னரைப் பார்த்தபோது தார் மாதிரி கசடு அடைத்திருந்தது. முந்தைய ஓனர்கள் எந்த ஆயில் ஊற்றினார்களோ. டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது, அங்கே ஆயில் வருவது குறைந்தால் மற்ற எதைப் பற்றியும் பேசிப் பயனில்லை. மலை ஏறி இறங்கியதும் சட்டென்று சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஓடவிடுவதும் அதற்காகத்தான். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். எனவே பெல்ட்டோடு டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினேன், பம்பின் இறக்கை பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருக்கும்படி பார்த்து. ஸ்பேர் பார்ட்ஸுக்காகப் பழைய பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டை வரை போயிருக்கிறேன். ஆனால் பெல்ட், பம்ப் இரண்டையும் அங்கே வாங்க மாட்டேன். அவை புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

நாக்கிங் விஷயமும் எண்ணாகவே தெரியும். 020-ஆம் பிளாக்கில் நாக்கிங்கைத் தவிர்க்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) எத்தனை டிகிரி பின்வாங்கியிருக்கிறது என்று காட்டும். மத்தியான வெயிலில் சாதாரண பெட்ரோலில் ஒன்பது வரை போனது, நாக்கிங்கை அதிகம் தாங்கும் 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டதும் மூன்றுக்கு இறங்கியது. ஐரோப்பாவின் குளிரில் எழுதின மேப்பை நம் ஊர் வெயிலில் அப்படியே ஏற்றுகிறவர்கள் இந்த எண்ணைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். இன்னொன்று, இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. 2005-ஆம் வருட ரப்பரை அதை நம்பி விட மனமில்லாமல் எரிபொருள் ஹோஸ்களை மாற்றிவிட்டேன்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு விஷயம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுச் சத்தமாக ஓட்டுவதை நீங்கள் ரசனை என்று எழுதியிருப்பது எனக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க வேண்டாமா? வேகம் பார்க்க ஆசை இருந்தால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது. அங்கே போகும் முன்கூட பிரேக் ஆயிலையும் டயரையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவிநாசி ரோட்டில் யாரும் யாரையும் சோதிக்க வேண்டாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ரீமேப் கடைக்காரர்களோடு ஒரு பழைய மெக்கானிக்கையும் கேட்டு எழுதுங்கள். மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஸ்கேனர் எண்கள் எல்லாம் எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது, நிருபர் கேட்டால் தருகிறேன். ஒரு ஞாயிறு காலை அவர் நேரில் வந்தால் அந்த பி.வி.சி. மூடிச் சோதனையையும் செய்து காட்டுகிறேன், அரை மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
கோவை வாசகர் ஒருவர்